அவர் என்றால் யார்?

“அம்மா பேர மட்டும் போட்டா ஏத்துக்க மாட்டேங்குது மேம்.”

செந்துறைப் பக்கத்திலிருந்து பேருந்தில் வந்து பெரம்பலூரில் படிக்கும் மாணவர் ஒருவர், கைபேசியில் உதவித்தொகை விண்ணப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என் மேசைக்கு முன்னால் நின்றார். எல்லாம் தமிழில்தான் இருந்தது. ‘தந்தை / கணவர் பெயர்’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம். நட்சத்திரம் இருந்தால் நிரப்பியே ஆக வேண்டும். அவருடைய அப்பா, அவர் பிறப்பதற்கு முன்பே விட்டுவிட்டுப் போனவர். முந்திரிக் காட்டிலும் பருத்திக் காட்டிலும் கூலி வேலை பார்த்து வளர்த்தவர் அம்மா. கட்டத்தில் ஒரு புள்ளியை வைத்துப் பார்த்தோம். ஏற்கவில்லை. கடைசியில், அவர் முகமே பார்த்திராத அந்த மனிதரின் பெயரை எழுதி அனுப்பினோம். உடனே திரையில் வந்தது: ‘விண்ணப்பதாரர் பதிவு செய்யப்பட்டார்.’

ஒரே படிவத்தில் இரண்டு தமிழ் இருந்தன. ஒன்று, இருபது வயதுப் பெண்ணுக்கு ‘ஆர்’ போட்டு மரியாதை செய்தது. மற்றொன்று, நீ எந்த ஆணைச் சேர்ந்தவள் என்று கேட்டது. இந்த இரண்டுக்கும் இடையில் நீண்ட வரலாறு ஒன்று கிடக்கிறது.

மென்பொருள் பேசும் மொழியில் பால் வேறுபாடு வேண்டாம் என்ற பேச்சு ஆங்கில உலகத்தில் தொடங்கியது. 2008 ஜூனில் ஃபேஸ்புக்குக்கு ஓர் இடைஞ்சல் வந்தது. ஒருவர் தன் படத்தை மாற்றினால் அதை நண்பர்களுக்கு அறிவிக்க வேண்டும். ஆனால் அவர் தன் பாலினத்தைச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் பன்மைச் சொல்லைப் போட்டுச் சமாளித்தார்கள். வாக்கியம் பிழையாக நின்றது. பிற மொழிகளில் சிக்கல் இன்னும் கூடியது. ஆணா, பெண்ணா என்று தேர்ந்தெடுக்கும்படி பயனர்களையே கேட்டார்கள். அந்த இரண்டைத் தாண்டிய தேர்வுகள் 2014 பிப்ரவரியில்தான் வந்தன, அதுவும் முதலில் அமெரிக்க ஆங்கிலத்தில்.

தமிழில் இந்த இடைஞ்சலே இல்லை. ‘படத்தை மாற்றினார்’ என்றால் போதும். தன்மையிலும் முன்னிலையிலும் நமக்குப் பால் கிடையாது. ‘வெளியேற விரும்புகிறீர்களா?’ என்று திரை கேட்கும்போது எதிரில் யார் இருந்தாலும் பொருந்தும். இந்தியில் இதே கேள்விக்கு ‘சாஹதே’ என்பதா, ‘சாஹதீ’ என்பதா என்று முடிவெடுத்தாக வேண்டும். தெலுங்கில் ‘அவள் வந்தாள்’, ‘அது வந்தது’ இரண்டுக்கும் ஒரே வினைமுற்று.

நம்மிடம் இருப்பது புதிதும் அல்ல. ‘ஒருவர்’ என்ற சொல் ஆண், பெண் இருபாலுக்கும் உரியது, அது பன்மை முடிபை ஏற்கும் என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் சொல்லியிருக்கிறது. ஆங்கில அகராதி நிறுவனமான மெரியம் வெப்ஸ்டர், ஒருவரைக் குறிக்கும் ‘தே’யை ஆண்டின் சொல்லாக அறிவித்தது 2019இல். வகுப்பில் இதைச் சொன்னால் கைதட்டு கிடைக்கும். நானும் பல ஆண்டுகள் அந்தக் கைதட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

நிறுத்தியிருக்கக் கூடாது. அதே தொல்காப்பியம் இன்னொன்றும் சொல்கிறது. ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கில் உள்ள உயர்வுச் சொல்தானே தவிர, இலக்கண நெறி அன்று என்கிறது. நம் ‘ஆர்’ பால் வேறுபாட்டைக் களைய வந்த விகுதி அல்ல. அது மரியாதை. பால் மறைந்தது அந்த மரியாதையின் உடன்விளைவு. அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி, இந்த மரியாதை யார் யாருக்குக் கிடைத்தது என்பதே.

அரியலூர் மாவட்டத்தில் கண்டராதித்தம் என்ற ஊர் இருக்கிறது. சோழ மன்னன் கண்டராதித்தனின் பெயர். அவர் மனைவியைக் கல்வெட்டுகள் செம்பியன் மாதேவியார் என்கின்றன. அரசிக்கு ‘ஆர்’ கிடைத்தது. நாற்று நட்டவளுக்கு? என் சிறு வயதில், நிலக்காரர் வீட்டுப் பையன் தாத்தா வயதுள்ள கூலிக்காரரை ‘வாடா’ என்று கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறேன். அவர் மனைவி அந்த வீட்டுக்கு ‘அவ’. அந்த மனைவியோ தன் கணவரை ‘அவரு’ என்பார். அவர் மனைவியை ‘அவ’ என்பார். சாதி எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய மரியாதையும் வீட்டுக்குள் ஆணோடு நின்றுவிட்டது.

இன்றும் எங்கள் பக்கத்துப் பேச்சில் ‘அவரு’ ஆண்தான். மரியாதைக்குரிய பெண் ‘அவங்க’. அப்பா வந்தாரு, அம்மா வந்துச்சு. எழுத்தில் ‘அவர்’ பொதுச்சொல். காதில் அது ஆண்சொல். கரும்பலகையில் ‘மருத்துவர் வந்தார், ஊசி போட்டார்’ என்று எழுதி, அவருக்கு ஒரு பெயர் வையுங்கள் என்றேன். பெண்களே நிறைந்த வகுப்பு. பெரும்பாலும் ஆண் பெயர்களே வந்தன. ‘செவிலியர்’ என்று மாற்றியதும் பெயர்களும் மாறின. ஒரு மொழிபெயர்ப்புச் செயலியில் அதே வாக்கியங்களைப் போட்டேன். அதுவும் என் மாணவர்களைப் போலவே செய்தது. துருக்கி மொழியில் அவன், அவள் இரண்டுக்கும் ஒரே சொல். அதை ஆங்கிலமாக்கும்போது இருபால் வடிவங்களையும் காட்டும் ஏற்பாட்டை கூகுள் 2018 டிசம்பரில் கொண்டுவந்தது. இயந்திரம் நம்மிடமிருந்து கற்றதைத்தான் நமக்குச் சொல்கிறது.

நானும் மேலே ‘மாணவர்’ என்றுதான் எழுதினேன். கணவர் பெயர்க் கட்டம் வரும்வரை உங்கள் மனத்தில் யார் நின்றார் என்று யோசித்துப் பாருங்கள்.

பொதுச்சொல் மட்டும் போதாது என்பதை 2023 காட்டியது. மகளிர் உரிமைத்தொகை முகாம்கள் அந்த ஜூலையிலும் ஆகஸ்டிலும் நடந்தன. குடும்ப அட்டையில் இருப்பது ‘குடும்பத் தலைவர்’. எழுத்தளவில் பொது, அட்டைகளைப் புரட்டினால் ஆண். அட்டையில் மூத்த பெண்ணே தலைவராக இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013லேயே சொல்லியும் இதுதான் நிலை. பணம் பெண்ணின் கைக்குப் போக வேண்டுமானால் ‘தலைவி’ என்று பால் காட்டியே எழுத வேண்டியிருந்தது. அட்டையில் ஆண் தலைவராக இருந்தால் அவர் மனைவி தலைவியாகக் கருதப்படுவார் என்றும், தனித்த பெண்கள், கைம்பெண்கள், திருநங்கைகள் தலைமையிலான குடும்பங்களில் அவர்களே தலைவிகள் என்றும் விதி வகுத்தார்கள். அகப்பாடலில் பெயரே இல்லாமல் இருந்தவள் தலைவி. இப்போது அவளுக்கு வங்கிக் கணக்கு எண் வந்தது.

அந்த முகாமில் இன்னொன்றும் பார்த்தேன். கைபேசி எண் கேட்டபோது பல பெண்கள் மகனின் எண்ணைச் சொன்னார்கள். கணினித்தமிழில் ‘பயனர்’, ‘பயனாளர்’, ‘பயனாளி’ என மூன்று சொற்கள் புழங்குகின்றன. எது சரி என்று நாம் வாதிட்டுக்கொண்டிருக்க, எங்கள் மாவட்டங்களில் பெண்கள் திட்டத்தின் பயனாளிகளாகவும் ஆண்கள் கைபேசியின் பயனர்களாகவும் பிரிந்துவிட்டார்கள்.

ஆகவே திரைக்குத் தமிழ் எழுதப்போகும் என் மாணவர்களிடம் இரண்டு வேலைகளைச் சொல்கிறேன். முதலாவது, ‘ர்’ விகுதியைத் தயங்காமல் எல்லோருக்கும் கொடுங்கள். ‘கவிதாயினி’ என்று மேடையில் என்னை அழைப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: கவிஞர் போதும். பெண் பெயரோடு ‘அவர்’ திரும்பத் திரும்ப வந்தால்தான் காது மாறும். இரண்டாவது, விகுதியோடு நிற்காதீர்கள். அந்தக் கட்டம் எதற்கு என்று கேளுங்கள். திருமதியா, செல்வியா என்று தெரிந்து இந்தச் செயலி என்ன செய்யப்போகிறது? இருப்பது இரண்டு வட்டங்கள் மட்டும் என்றால் திருநங்கையும் திருநம்பியும் எதைத் தொடுவார்கள்?

சிவப்பு நட்சத்திரத்துக்கும் இதே கேள்விதான். தாயும் இயற்கைக் காப்பாளரே என்பதை 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மணமாகாத தாய் காப்பாளர் உரிமை பெற, தந்தை யாரென்று சொல்லத் தேவையில்லை என்று 2015இல் தீர்ப்பளித்தது. கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும் என்று 2016 டிசம்பரில் அறிவித்தார்கள். தாய் தனித்து வளர்த்த பிள்ளைக்கு, பான் அட்டைக்கு 2018 டிசம்பர் 5 முதல் தந்தை பெயர் கட்டாயமில்லை. சட்டம் இவ்வளவு தூரம் நடந்து வந்துவிட்டது. படிவம் வரைந்தவரின் பழக்கம் நகரவில்லை.

சில வாரங்கள் கழித்து அந்த மாணவர் மீண்டும் வந்தார். அம்மாவின் கைபேசியில் பணம் அனுப்பும் செயலியை ஏற்றிக் கொடுத்திருக்கிறார். அம்மா சோதித்துப் பார்க்கப் பத்து ரூபாய் அனுப்ப, மகளின் கைபேசியில் தமிழில் செய்தி வந்திருக்கிறது. அம்மாவின் பெயர், பிறகு ‘உங்களுக்கு ₹10 அனுப்பியுள்ளார்’. மகள் உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார்.

“‘அனுப்பியுள்ளார்’னதும், ‘யாருடி அது அவரு?’ன்னு கேட்டுச்சு மேம்.”

“நீ என்ன சொன்ன?”

“நீதாம்மான்னேன். சிரிச்சுச்சு. திரும்பப் படின்னுச்சு.”

அன்று இருவரும் உட்கார்ந்து அந்த உதவித்தொகை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினோம். ‘தந்தை / கணவர் பெயர்’ என்பதை ‘பெற்றோர் அல்லது காப்பாளர் ஒருவரின் பெயர்’ என்று மாற்றுங்கள். கீழே மாணவர் கையெழுத்திட்டார். முன்னெழுத்து, அம்மாவுடையது.