வயல்வெளிச் சிறுவேட்டையும் நில உடைமையாளர் இசைவும்: திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதி

பிறருக்குச் சொந்தமான வயலில், சொந்தக்காரரின் வாய்மொழி இசைவைப் பெற்று எலி, பாம்பு முதலான சிற்றுயிர்களைப் பிடிக்கும் வழக்கம் தொண்டை மண்டலத்துச் சமவெளியில் நெடுங்காலமாக இருந்து வந்தது. இதைத் தொழிலாகக் கொண்டவர்கள் இருளர் பழங்குடியினர். இன்று கார்த் தொழிற்சாலைகளுக்குப் பெயர்பெற்ற திருப்பெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் வட்டாரமும் ஏரிப் பாசன நெல்வயல்களும் புதர்க்காடுகளும் நிறைந்த அவர்களது வேட்டைப் பரப்பாகவே இருந்தது.

தமிழ்நாட்டின் ஆறு தொல் பழங்குடிகளுள் இருளரும் ஒன்று. 2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் அவர்கள் ஏறத்தாழ 1.89 லட்சம் பேர். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளில், நீலகிரி இருளரோடு செங்கற்பட்டுச் சமவெளி இருளரும் இடம்பெறுகின்றனர்.

நிலமும் அதில் ஓடும் உயிரும்

பல்லவர், சோழர் காலச் செப்பேடுகளில் தானமாகக் கொடுத்த ஊரின் எல்லைக்குட்பட்ட நிலத்தைக் குறிக்க ஒரு தொடர் வரும். உடும்பு ஓடும் இடமும் ஆமை தவழும் இடமும் எல்லாம் அதில் அடங்கும் என்பது அதன் பொருள். ஒரு பிடி நிலமும் விடுபடாமல் கொடுத்தோம் என்று சொல்ல எழுந்த வழக்கு அது. ஆனால் அந்த உடும்பைப் பிடித்துப் பிழைத்தவர் யார் என்பதைச் செப்பேடு சொல்வதில்லை. பின்னர் வந்த மிராசு உரிமை, ரயத்துவாரி, பட்டா ஆகிய முறைகளும் நிலத்துக்கு உடையவர் யார் என்றுதான் கேட்டன. வேட்டைக்காரர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அவரிடம் இருந்தது உழவரின் "சரி, வெட்டிக்கோ" என்ற ஒரு சொல் மட்டுமே.

அந்தச் சொல் இரக்கத்தால் வந்ததன்று. வரப்பெலி நெற்கதிரை அறுத்து வளைக்குள் சேர்த்துவைக்கும். வரப்பைக் குடைந்து நீரை ஒழுகவிடும். அறுவடை முடிந்த வயலில் இருளர் கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு வருவர். வளைவாயிலில் உள்ள புதுமண், கால்தடம், புழுக்கை ஆகியவற்றைப் பார்த்தே உள்ளே எலி இருக்கிறதா, பாம்பு புகுந்துவிட்டதா என்று கணிப்பர். பிற வாய்களை அடைத்துவிட்டு, ஓட்டையிட்ட மண்பானையில் வைக்கோலைப் புகையவிட்டு வாயால் ஊதி வளைக்குள் புகையைச் செலுத்துவர். எலி கறிக்கு, வளையில் கிடைக்கும் நெல் உலைக்கு. எலி தொலைந்தது உழவருக்கு ஆதாயம். சில இடங்களில் எலிக்கு இவ்வளவு என்று கூலியும் உண்டு. பதிலுக்கு, நிற்கும் பயிரில் இறங்காதிருப்பதும் வெட்டிய வரப்பை மூடிவிட்டுப் போவதும் இருளர் காக்கவேண்டிய ஒழுங்கு. வரப்பை உடைத்துவிட்டுப் போனவருக்கு மறு ஆண்டு அந்த வயல் கிடைக்காது.

பானையை ஊதுவது எளிதாகத் தோன்றும். உண்மையில் கை சுடும், நெஞ்சில் புகை ஏறும். அதனால் திருவள்ளூர், காஞ்சிபுரம் பகுதி இருளருக்காகக் கையால் சுழற்றும் எஃகுப் புகைக்கருவி ஒன்று உருவாக்கப்பட்டது. 2003-இல் உலக வங்கியின் புத்தாக்கப் போட்டியில் அதற்கு நிதி கிடைத்தது.

உழவர் சொன்னால் போதுமா?

இங்கிலாந்தில் வேட்டை உரிமை நிலத்தோடு ஒட்டியது. அங்கே குத்தகை உழவர் தம் பயிரைத் தின்னும் முயலைக் கொல்லும் உரிமையைப் பெறுவதற்கே 1880-இல் தனிச் சட்டம் வேண்டியிருந்தது. இந்தியாவில் நிலைமை வேறு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பட்டியலிட்ட உயிர்களை யாருடைய நிலத்திலும் வேட்டையாடக் கூடாது என்கிறது. முயல், கௌதாரி, உடும்பு ஆகியவை பட்டியலில் உள்ளன. பட்டாதாரர் எழுதிக் கொடுத்தாலும் அவற்றைப் பிடிப்பது குற்றமே. எலி மட்டும் முன்பு அழிக்கத்தக்க உயிர்கள் என்ற ஐந்தாம் பட்டியலில் இருந்தது. 2022 திருத்தம் அந்தப் பட்டியலை நீக்கியது. என்றாலும் வயலெலி பாதுகாக்கப்பட்ட உயிர்களின் பட்டியலில் சேரவில்லை. ஆகவே உழவரின் இசைவு இன்று சட்டப்படி செல்லும் இடம் பெரும்பாலும் எலி வளை ஒன்றுதான். இதைப் பலர் அறிவதில்லை.

பாம்பில் இந்த மாற்றம் கடுமையாக விழுந்தது. பாம்புத்தோல் வணிகம் இருளருக்குப் பெரிய வருவாயாக இருந்தது. 1972 சட்டமும், 1976-இல் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அதை முடித்தன. பாம்புகளைக் காக்கத் தடை தேவைதான். ஆனால் தடை விதித்தவர்கள் மாற்றுப் பிழைப்பை முன்கூட்டி யோசிக்கவில்லை. ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் அது இயங்குகிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் வனத்துறை உரிமத்தில் குறித்த எண்ணிக்கைக்குள் பிடித்து, சுமார் மூன்று வாரம் வைத்து, வாரம் ஒருமுறை நஞ்செடுத்து, மீண்டும் வெளியில் விடுகின்றனர். பாம்புக்கடிக்கான மருந்து செய்ய இந்த நஞ்சு பயன்படுகிறது. இங்கே இரண்டு இசைவு தேவை: அரசின் எழுத்தும் உழவரின் சொல்லும். இந்தக் கலையில் தேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, இரண்டு வாரத்துக்குள் 13 பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க உதவினர். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

மதிற்சுவர் எழுந்த பின்

1990-களில் சிப்காட் இருங்காட்டுக்கோட்டையில் நிலம் எடுத்தது. 1996-இல் ஹூண்டாய் வந்தது. அடுத்த பத்தாண்டில் ஒரகடம் வளர்ந்தது; ரெனோ-நிசான் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. வயலுக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார். வரப்பில் நின்று அவரைக் கூப்பிட்டுக் கேட்கலாம். தொழிற்பேட்டையின் வாயிலில் நிற்கும் காவலாளிக்கு இசைவு தரும் அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவரைச் சந்திக்க வழி இல்லை.

நிலம் எடுக்கும்போது இழப்பீடு நிலத்துக்கும் அதிலுள்ள கிணற்றுக்கும் மரத்துக்கும் கணக்கிடப்படும். வளை வெட்டியவரின் இழப்பைக் கணக்கிட அவரிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. 2013-ஆம் ஆண்டு நடுவண் நிலமெடுப்புச் சட்டம் பாதிக்கப்பட்ட குடும்பம் என்பதன் வரையறையில் விவசாயக் கூலிகளையும் குத்தகையாளரையும் சேர்த்ததோடு, வேட்டையாடுவோரையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. இது பெரிய முன்னேற்றம். ஆனால் அந்தச் சொல் காடுகளையும் நீர்நிலைகளையும் நம்பி வாழ்வோர் என்ற பிரிவுக்குள் வருகிறது. நெல்வயலில் எலி பிடிப்பவர் அதில் அடங்குவாரா என்பது வாதத்துக்குரியது. மேலும் இந்த வட்டார நிலத்தில் பெரும்பகுதி அதற்கு முன்பே கைமாறிவிட்டது.

வேட்டை போன குடும்பங்கள் செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் மரம் வெட்டவும் போயின. முன்பணம் வாங்கிக்கொண்டு போன பலர் அங்கேயே கொத்தடிமைகளாகச் சிக்கினர். 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்கீழ் காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் மீட்கப்பட்டவர்களில் இருளர் மிகுதி. எஞ்சிய ஏரிப் பாசன ஊர்களில் தை, மாசி அறுவடைக்குப் பின் வளை வெட்டுவது இன்னும் உண்டு. அங்கே உழவரை வரப்பிலேயே கேட்கலாம்.