பன்னிரண்டில் ஒன்று

திருப்பூரை அடுத்த முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையில் எனக்குத் தெரிந்த பனியன் கம்பெனிக்காரர் ஒருவர் இருக்கிறார். சென்ற மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். பேச்சு எங்கெங்கோ சுற்றி, உத்தியோகத்தில் இட ஒதுக்கீடு என்ற இடத்தில் வந்து நின்றது.

“ஏனுங்க, நம்ம கம்பெனியில சாதி கேட்டா ஆள் எடுக்கறோம்? வேலை தெரிஞ்சவன் எவனோ அவன் வரட்டுமுங்க. சர்க்கார்தான் சாதிக்கணக்குப் பார்த்துக் கெடுக்குது” என்றார்.

நேர்மையான மனிதர், மனத்தில் பட்டதைச் சொல்கிறவர். அதனாலேயே அந்தப் பேச்சை என்னால் உதறிவிட முடியவில்லை. திரும்பும் பஸ்ஸில் பழைய கதையை மனத்துக்குள் புரட்டிக்கொண்டே வந்தேன்.

இந்தக் கணக்கை முதலில் பார்த்தவர்கள் யார்? ஜஸ்டிஸ் கட்சிக்காரர்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் 1854-லேயே சென்னை ராஜதானியின் ரெவினியூ போர்டு கலெக்டர்களுக்கு ஓர் உத்தரவு போட்டிருந்தது. கச்சேரி உத்தியோகங்களைச் செல்வாக்குள்ள சில குடும்பங்களே பிடித்துக்கொள்ள விடக்கூடாது, பல சாதியாருக்கும் பகிர்ந்து கொடுக்கவேண்டும் என்பது அதன் சாரம். உத்தரவு புத்தகத்தில் இருந்தது. குடும்பங்கள் கச்சேரியில் இருந்தன.

ஏறக்குறைய அறுபது வருஷம் கழித்து, அலெக்ஸாண்டர் கார்டியூ என்ற வெள்ளைக்கார அதிகாரி பப்ளிக் சர்வீஸ் கமிஷன் முன் ஒரு கணக்கை வைத்தார். 140 டெபுடி கலெக்டர்களில் 77 பேர் பிராமணர். 128 ஜில்லா முன்சீப்களில் 93 பேர் பிராமணர். ஜனத்தொகையில் அவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான். அவர்கள் யாருடைய இடத்தையும் திருடவில்லை. பரீட்சை எழுதினார்கள், தேறினார்கள். ஆனால் பரீட்சைக்கு முன்னால் பள்ளிக்கூடம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? அந்தப் படியில் யார் முதலில் கால் வைத்தார்கள் என்பதை மார்க்குப் பட்டியல் சொல்லாது.

1916-ல் பிராமணரல்லாதார் அறிக்கை வந்தது. 1920-ல் ஜஸ்டிஸ் கட்சி மந்திரி சபை அமைத்தது. 1921 செப்டம்பரில் முதல் வகுப்புவாரி உத்தரவு பிறந்தது. ஆனால் முறையாக இடம் பிரித்து அதை நடப்புக்குக் கொண்டுவந்தவர், 1928-ல் சுப்பராயன் மந்திரி சபையில் இருந்த எஸ். முத்தையா முதலியார். பன்னிரண்டு வேலை காலியானால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறிஸ்தவருக்கும் சேர்த்து 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1.

திறமை போயிற்று, நிர்வாகம் கெட்டது என்று ஒரு பக்கம் கூச்சல் எழுந்தது. அதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. நான் நினைத்துக்கொண்டிருந்தது அந்தக் கடைசி எண்ணை. ராஜதானியில் ஆறேழு பேருக்கு ஒருவர் தாழ்த்தப்பட்டவர். அவர்களுக்குப் பன்னிரண்டில் ஒன்று. பங்கு கேட்டுப் போராடியவர்கள், தம்மிலும் கீழே நின்றவனுக்கு இலையின் ஓரத்தில் பரிமாறினார்கள். இது பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்த குறையன்று. தாழ்த்தப்பட்டோரின் தலைவர் எம்.சி. ராஜா, தம் மக்களை ஜஸ்டிஸ் கட்சி கவனிக்கவில்லை என்று மனம் கசந்து 1923-லேயே அதை விட்டு வெளியேறிவிட்டார்.

சுதந்திரம் வந்த 1947-ல் கணக்கைத் திருத்தினார்கள். பன்னிரண்டு பதினான்கு ஆயிற்று. பிற்பட்ட இந்துக்களுக்குத் தனியாக 2, ஹரிஜனங்களுக்கு 2. பிறகு வழக்கு வந்தது. 83 ஜில்லா முன்சீப் வேலைகளில் பிராமணருக்கு ஒதுக்கியவை 11. வெங்கடரமணா என்ற விண்ணப்பதாரர், சாதியைக் காட்டி என் வழியை அடைக்கிறார்களே என்று கோர்ட்டுக்குப் போனார். 1951 ஏப்ரல் 9-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஹரிஜனங்களுக்கும் பிற்பட்டோருக்கும் ஒதுக்கலாம்; மற்றபடி ஒவ்வொரு வகுப்பாருக்கும் அடைப்புக் கட்டக்கூடாது என்றது. அதே நாளில் செண்பகம் துரைராஜன் வழக்கில் கல்லூரி இடங்களுக்கான உத்தரவும் விழுந்தது. ஈ.வெ.ரா. முதலானவர்கள் கிளர்ச்சி செய்தார்கள். அந்த ஆண்டு ஜூனிலேயே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது.

வெங்கடரமணாவின் மனக்குறை பொய்யா? பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தனி மனிதன் ஒருவனுக்குக் கதவு மூடும்போது, அவன் பாட்டனார் காலத்துக் கணக்கை அவன் முகத்துக்கு நேரே நீட்டுவது ஆறுதலாகாது. ஆனால் கதவையே கண்டிராதவன் ஒருவன் தெருக்கோடியில் நிற்கிறான். அவனிடம் போய், “இனி எல்லாரும் சமம், ஓடி வா” என்று சொல்வதும் ஆறுதலாகாது.

அந்தத் தெருக்கோடி கொங்கு நாட்டுக்காரர்களுக்குத் தெரியாததல்ல. இங்கே மிகுதியாக வாழும் அருந்ததியருக்கு, பட்டியல் சாதியினரின் 18 சதவீதத்துக்குள்ளேயே பங்கு சரியாகக் கிடைக்கவில்லை. நீதிபதி எம்.எஸ். ஜனார்த்தனம் ஆராய்ந்து அறிக்கை கொடுத்தபின், 2009-ல் அவர்களுக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. இப்படி உட்பிரிவு செய்யலாம் என்று சுப்ரீம் கோர்ட்டின் ஏழு நீதிபதிகள் கொண்ட பெஞ்சு 2024 ஆகஸ்டில் தீர்ப்புச் சொல்லிற்று. எம்.சி. ராஜா கட்சியை விட்டு வெளியேறி நூற்றொரு வருஷம் ஆகியிருந்தது!

இவையெல்லாம் சர்க்கார் உத்தியோகத்துக்கு. பனியன் கம்பெனி வாசலுக்கு எந்த உத்தரவும் வந்ததில்லை. நண்பர் சாதி கேட்பதில்லை என்பதும் மெய்தான். அன்று உள்ளே நான் கண்டதை நினைத்துப் பார்த்தேன். பவர் டேபிளில் ஒடிஷாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள். கைமடிக்கும் செக்கிங்குக்கும் சுற்றுப்புறத்துப் பெண்கள். கணக்கு அறையில் நண்பரின் மைத்துனர். மேனேஜர் நாற்காலியில் சித்தப்பா மகன். எல்லாரும் வேலை தெரிந்தவர்கள்தாம். அந்த அறைகளில் உட்கார்ந்து வேலை தெரிந்துகொண்டவர்கள்.

செல்வாக்குள்ள சில குடும்பங்கள் என்று 1854-ல் ரெவினியூ போர்டு எழுதியது நினைவுக்கு வந்தது. சாதியைக் கேட்காமலே இருக்க முடிகிறது. கேட்கத் தேவையில்லாதபடி ஆட்கள் வந்து சேர்ந்துவிடுகிறார்கள்.

பஸ் ஏறுமுன் கம்பெனி வாசலில் ஒரு பலகையைப் பார்த்திருந்தேன். டெய்லர், செக்கிங், கைமடி ஆட்கள் தேவை என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அந்தத் தெரு முழுக்க வாசலுக்கு வாசல் அப்படித்தான். மேனேஜர் தேவை என்ற பலகை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.