தப்பிய விபத்துகளும் தங்கிய சொற்களும்: வட அமெரிக்க மேற்குக் கடற்கரைக் காட்டுமரத் தொழில் வரலாறு – ஓர் ஆய்வு

முன்னுரை

தொழில் வரலாற்றை எழுதுவோர்க்கு விபத்து ஒரு முதன்மைச் சான்றாகும். ஒரு தொழிலாளி இறந்துபட்டால் அச்செய்தி மருத்துவமனை, நீதிமன்றம், இழப்பீட்டு அலுவலகம், செய்தித்தாள் எனப் பல இடங்களில் பதிவாகிறது. ஆனால் உருண்டு வந்த தடிமரத்திற்கு ஒரு சாண் இடைவெளியில் உயிர் பிழைத்தவனைப் பற்றிய செய்தி எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. அவன் மறுநாள் காலையில் அதே இடத்தில் வேலைக்கு நிற்கிறான், அவ்வளவே. ‘தலை தப்பியது தம்பிரான் புண்ணியம்’ என்னும் நம் பழமொழி தப்பியதை நினைவிற் கொள்கிறது. ஏன் தப்ப நேர்ந்தது என்று கேட்பதில்லை.

இவ்வாறு பதிவின்றிப் போன ‘தப்பிய விபத்துகள்’ வரலாற்றிலிருந்து முற்றிலும் மறைந்துவிட்டனவா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. வட அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில், குறிப்பாகக் கலிபோர்னியா, ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களிலும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் வளர்ந்த காட்டுமரத் தொழிலைக் களமாகக் கொண்டு, அவ்விபத்துகள் தொழிலாளர் வழங்கிய சொற்களில் தங்கியுள்ளன என்பதை நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது.

எருதுகளிலிருந்து நீராவிக்கு

இக்கடற்கரைக் காடுகளில் டக்ளஸ் ஃபர், செந்நிற ரெட்வுட் முதலிய மரங்கள் 60 மீட்டருக்கும் மேலாக ஓங்கி வளர்வன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி வரை, வெட்டி வீழ்த்திய தடிமரங்களை எருதுகளும் குதிரைகளுமே இழுத்தன. பாதையின் குறுக்கே சிறு கட்டைகளைப் பதித்து, அவற்றின்மேல் கொழுப்பெண்ணெய் தடவித் தடிகளை வழுக்கிச் செல்லுமாறு செய்தனர். இடர் அப்போதும் இருந்தது. எனினும் அது எருதின் நடைவேகத்தைத் தாண்டவில்லை. சரிவில் கட்டுமீறி வழுக்கும் தடி மட்டுமே அதற்கு விலக்கு.

1881இல் கலிபோர்னியாவின் யுரேகா நகரைச் சேர்ந்த மர வணிகர் ஜான் டால்பியர், கப்பல்களில் பாய் ஏற்றப் பயன்பட்ட சிறு நீராவிப் பொறியின் அமைப்பைக் காட்டுக்குக் கொண்டுவந்தார். 1882இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். நிமிர்ந்த கொதிகலனும் வடம் சுருட்டும் உருளையும் கொண்ட அப்பொறி ‘டாங்கி’, அதாவது ‘கழுதை’ என்றே அழைக்கப்பட்டது. பெருங்கட்டைகளாலான சறுக்குத்தளத்தில் பொருத்தப்பட்ட அப்பொறி, தன் வடத்தை முன்னுள்ள ஒரு மரத்தில் கட்டித் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு மலையேறியது. தொடக்கத்தில் நார்க்கயிறும், பின்னர் எஃகுக் கம்பிவடமும் பயன்பட்டன.

இம்மாற்றத்தால் விளைந்த புது இடர்கள் மூன்று. கொதிகலன் வெடிக்கக்கூடியது, அதன் தீப்பொறிகள் காட்டையே எரிக்கவல்லவை. இழுவிசை தாளாமல் அறுந்த எஃகு வடம் சாட்டைபோல் சுழன்று எதிர்ப்பட்டதை வெட்டியது. மூன்றாவது இடர் இவற்றினும் நுட்பமானது. எருதை ஓட்டியவன் தடியையும் அருகில் நின்றவனையும் ஒருசேரக் கண்டான். பொறியை இயக்கியவனோ சில நூறு மீட்டர் தொலைவில், தடியையோ அதனைப் பிணைத்தவனையோ காணாமலேயே வடத்தை இழுத்தான். விசையும் பார்வையும் வெவ்வேறு இடங்களில் பிரிந்து நின்றதே எந்திரக்காலத்து இடரின் அடிப்படை எனலாம்.

உயர்வட முறையும் ஊதல் சிறுவனும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் உயர்வட முறை பரவியது. உயர்ந்த மரமொன்றைத் தேர்ந்து, கிளைகளைக் கழித்து, நுனியை வெட்டி, அதன் உச்சியில் பெருங்கப்பியைப் பொருத்தி, அதன் வழியாக வடத்தைச் செலுத்துவது அம்முறை. தடியின் முன்முனை தரையினின்று உயர்வதால் வேர்க்கட்டைகளில் முட்டி நிற்பது குறைந்தது, வேகம் பெருகியது.

உச்சியில் ஏறி நுனியை வெட்டுபவர் இடுப்பையும் மரத்தையும் ஒரே கயிற்றால் வளைத்துக் கட்டிக்கொள்வார். கோடரி தவறி அக்கயிற்றில் பட்டாலும் அறுபடாதிருக்க, அதன் நடுவே எஃகு இழை வைக்கப்பட்டது. வெட்டும்போது மரம் நெடுக்காகப் பிளந்து விரிந்தால் அதே கயிறு அவரை மரத்தோடு சேர்த்து நெரித்துவிடும். காப்பதும் கொல்வதும் ஒரு கயிறாகவே இருந்தது.

கீழே நின்ற குழுவினர் தடிமரத்தைச் சுருக்கு வடத்தால் பிணைத்துவிட்டு விலகி ஓடுவர். பொறிக்காரர் காணமுடியாத இச்செயலை அவருக்கு அறிவிக்கும் பணி, பெரும்பாலும் குழுவிலேயே இளையவனான ஒரு சிறுவனிடம் ஒப்படைக்கப்பட்டது. ‘விசில் பங்க்’ எனப்பட்ட அவன், பொறியின் நீராவி ஊதலோடு இணைந்த நெடிய கம்பியைச் சுண்டி இழுத்து ஒலிக்குறிப்புகளை எழுப்பினான். நின்றிருக்கும் வடத்திற்கு ஒற்றை ஊதல் ‘இழு’ என்று பொருள்பட்டது; ஓடும் வடத்திற்கு அதே ஒற்றை ஊதல் ‘நிறுத்து’ எனப் பொருள்பட்டது. ஒருவர் அடிபட்டார் என்பதை அறிவிக்கவும் தனி ஊதல் முறை இருந்தது. ஒரு நொடி முந்திய ஊதல், குழுவினர் விலகுமுன் தடியை நகர்த்திவிடும். மலைச்சரிவில் பலருடைய உயிரும் ஓர் இளைஞனின் கவனத்தைச் சார்ந்திருந்தது என்பது நோக்கத்தக்கது.

சொல்லில் உறைந்த இடர்

இத்தொழிலாளரின் சொற்கள் ஆயிரக்கணக்கில் திரட்டப்பட்டுள்ளன. ஓரிகன் மாநில வனவியற் கல்லூரியோடு தொடர்புடைய வால்டர் மக்கல்லக் 1958இல் ‘உட்ஸ் வேர்ட்ஸ்’ என்னும் பெயரில் ஓர் அகராதியாகவே அவற்றை வெளியிட்டார். இத்தொழிலில் வழங்கும் சொற்களுள் நான்கினை இங்குக் காணலாம்.

‘விடோ மேக்கர்’: மேலே முறிந்து தொங்கிக்கொண்டிருக்கும் கிளை. ‘கைம்பெண் ஆக்குவது’ என்பது இதன் நேர்ப்பொருள். கிளையின் பெயரில் கிளை இல்லை. வீட்டில் காத்திருப்பவள் இருக்கிறாள். கீழே செல்வோனை மேலே பார்க்கவைக்கும் எச்சரிக்கையாக இச்சொல் பயின்றது.

‘பார்பர் சேர்’: வெட்டு முடியுமுன்னரே மரம் நெடுக்காகப் பிளந்து, அதன் பின்பாதி வெட்டுபவனை நோக்கி எகிறும் நிகழ்வு. அடியில் எஞ்சிய பிளவின் தோற்றம், சாய்ந்த முதுகுடைய முடிதிருத்தகத்து நாற்காலியை ஒத்திருந்தமையால் இப்பெயர் ஏற்பட்டது. இவ்வுவமையைப் படைக்க வேண்டுமாயின் அப்பிளவைக் கண்டபின் உயிரோடு இருந்தவர் ஒருவர் வேண்டும். எனவே இது தப்பியோர் படைத்த சொல்லாகும்.

‘பைட்’: கயிற்றின் வளைவைக் குறிக்கும் மாலுமிச் சொல். காட்டில் இது, கப்பியால் திரும்பி வளையும் வடத்தின் உட்புறத்தைக் குறித்தது. கப்பி பிய்ந்தால் வடம் நேராகும் பொருட்டு அவ்விடத்தைத் துடைத்துக்கொண்டு பாயும். கண்ணுக்கு வெறுந்தரையாகத் தோன்றும் ஓரிடத்திற்குப் பெயரிட்டதன் மூலம், காணமுடியாத இடரைக் காணத்தக்கதாக்கினர்.

‘ஹேவயர்’: வைக்கோல் கட்டும் மெல்லிய கம்பி. எந்திரத்தை முறையாகச் செப்பனிடாமல் இக்கம்பியால் கட்டிக் காலந்தள்ளிய முகாம்களைத் தொழிலாளர் இச்சொல்லால் இகழ்ந்தனர். இன்று ஆங்கிலத்தில் ‘நிலைகுலைந்தது’ என்னும் பொதுப்பொருளில் வழங்கும் இச்சொல், மரவெட்டு முகாம்களிலிருந்தே பரவியதாகக் கருதப்படுகிறது.

முதல் மூன்று சொற்களும் இடத்தையும் நிகழ்வையும் சுட்ட, நான்காவது பொறுப்பைச் சுட்டுகிறது. விபத்துக்கு விதியோ கவனக்குறைவோ மட்டும் காரணமன்று, கருவியைப் பேணாமையும் காரணம் என்ற குற்றச்சாட்டு அதில் அடங்கியுள்ளது.

சட்டத்தின் கணக்கு

தொழிலாளர் மொழி இவ்வாறு இடரை வகைப்படுத்திக்கொண்டிருக்க, நீதிமன்றங்கள் நெடுங்காலம் வேறொரு கணக்கை மேற்கொண்டன. அடிபட்டவரும் கவனக்குறைவாக இருந்தார். உடன்பணியாளர் தவறே காரணம். இடரை அறிந்தே அவர் வேலையை ஏற்றார் என்னும் மூன்று வாதங்களுள் ஒன்று நிறுவப்பட்டாலும் முதலாளிக்குப் பொறுப்பில்லை. விசில் சிறுவனின் ஒரு நொடித் தவறு இரண்டாம் வாதத்தில் அடங்கிவிடும். பொறிக்காரரின் பார்வைக்கு எட்டாதவாறு அமைந்த முறைமையே விசாரணைக்கு வராது.

1911இல் வாஷிங்டன் மாநிலம் இயற்றிய தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இந்நிலையை மாற்றியது. தவறு யாருடையது என்று கேளாமல், முதலாளிகள் செலுத்தும் கட்டாய நிதியிலிருந்து இழப்பீடு வழங்க அது வழிசெய்தது. இதனை எதிர்த்து மவுன்டன் டிம்பர் என்னும் மர நிறுவனம் செய்த மேல்முறையீட்டில், 1917இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐவர்க்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. இந்தியாவில் இதற்கு இணையான சட்டம் 1923இல் வந்தது.

இழப்பீடு வந்ததும் எண்ணிக்கையும் வந்தது. ஆயினும் சட்டம் எண்ணியது காயத்தையே. அறுந்த வடம் ஒருவர்மீது பட்டால் அது கோப்பு. எவர்மீதும் படாவிட்டால் அது வெறும் வடம். 1931இல் காப்பீட்டு நிறுவனப் பொறியாளர் ஹெர்பர்ட் ஹைன்ரிச், ஒரு கடுங்காயத்திற்குப் பின்னே 29 சிறு காயங்களும் காயமற்ற 300 நிகழ்வுகளும் உள்ளன என எழுதினார். இவ்விகிதம் எல்லாத் தொழிலுக்கும் பொருந்தாது எனப் பின்வந்தோர் மறுத்துள்ளனர். எண் மறுக்கத்தக்கதாயினும், தப்பிய விபத்தும் அறிவுக்குரிய பொருள் என்னும் கருத்து நிலைபெற்றது. காட்டுத் தொழிலாளர் இதனை ஏட்டில் எழுதாமல் சொல்லில் வைத்திருந்தனர்.

எந்திரம் மாறியது, இடர் இடம்பெயர்ந்தது

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நீராவிக் கழுதை மறைந்தது. டீசல் எந்திரமும், சங்கிலித்தட இழுவை ஊர்தியும், ஒருவரே ஏந்தும் சங்கிலி வாளும் வந்தன. உச்சி வெட்டிய மரத்தின் இடத்தை இடம்பெயரும் எஃகுக் கோபுரமும், சிறுவனின் கம்பியை வானொலிக் குறிப்பும் பெற்றன. இழுவை ஊர்தி சரிவில் கவிழ்ந்தது; ஓட்டுநரைக் காக்க இருக்கைக்கு மேல் எஃகுச் சட்டம் அமைக்க நேர்ந்தது. 1994இல் வெளியான அமெரிக்க நடுவண் விதிமுறை இத்தகைய காப்புகளோடு, மரம் வெட்டுபவருக்கும் பிறருக்கும் இடையே மரத்தின் உயரத்தைப்போல் இருமடங்கு தொலைவையும் கட்டாயமாக்கியது.

இன்று மரத்தை வெட்டிக் கிளை கழித்துத் துண்டாக்கும் எந்திரத்தினுள் ஓட்டுநர் மூடிய அறையில் அமர்ந்திருக்கிறார். தொங்கும் கிளை அவரை எளிதில் தீண்டாது. ஆனால் அதிவேகமாகச் சுழலும் வாட்சங்கிலி அறுந்தால் அதன் சிறுதுண்டு துப்பாக்கிக் குண்டுபோல் பாய்கிறது. இதற்குத் தொழிலாளர் ‘செயின் ஷாட்’ என்று பெயரிட்டுவிட்டனர். எந்திரம் புதிதாயினும் பெயரிடும் வழக்கம் பழையதே.

இடர் நீங்கிவிடவில்லை என்பதைப் புள்ளிவிவரம் காட்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2005இல் மட்டும் இத்தொழிலில் 43 பேர் இறந்தனர். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகத்தின் கணக்குப்படி, 2022இல் முழுநேரத் தொழிலாளர் ஒரு இலட்சம் பேருக்கு இறப்பு விகிதம் எல்லாத் தொழில்களுக்கும் சேர்த்து 3.7, மரம் வெட்டுவோரிடையே 100.7.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் கருத்துகள் பின்வருமாறு:

1. நீராவிப் பொறி விசையையும் பார்வையையும் பிரித்தது. காட்டுமரத் தொழிலின் எந்திர விபத்துகள் பலவற்றிற்கு இப்பிரிவே அடிப்படை.

2. சட்டமும் காப்பீடும் காயத்தைப் பதிவுசெய்தன. காயமின்றித் தப்பிய நிகழ்வுகளைத் தொழிலாளர் சொற்களே பதிவுசெய்தன.

3. இச்சொற்கள் எச்சரிக்கை, விளக்கம், குற்றச்சாட்டு என்னும் மூன்று பணிகளை ஆற்றியுள்ளன. ஆகவே அவை மொழியியலுக்கு மட்டுமன்றித் தொழில் வரலாற்றுக்கும் உரிய சான்றுகளாகும்.

தமிழாய்வுக்கு இதனால் பயனுண்டு. ஆனைமலையில், வெட்டிய தேக்குத் தடிகளை மேலிருந்து சரிவில் வழுக்கிவிட்ட இடம் இன்றும் டாப்ஸ்லிப் என்றே வழங்குகிறது. ஆங்கிலேயர் இட்ட பெயர் நிலைத்துவிட்டது. அச்சரிவின் கீழே நின்று தடியை எதிர்கொண்டவர்கள் எச்சொல்லைக் கூவி ஒருவரையொருவர் எச்சரித்தனர் என்பதும், யானைப்பாகர்களும் தடி ஏற்றும் சுமைத்தொழிலாளரும் தப்பிய கணங்களுக்கு என்ன பெயரிட்டனர் என்பதும் களஆய்வில் திரட்டப்பட வேண்டியவை. அச்சொற்களை அறிந்த முதியோர் வாழுங்காலத்திலேயே இப்பணி நிகழ்தல் வேண்டும். விபத்தில் இறந்தவருக்குக் கோப்பு உண்டு. தப்பியவருக்கு இருப்பது அவருடைய சொல் மட்டுமே.