பென்னிகுயிக் என்றொரு பிள்ளைப் பெயர்

தேனி மாவட்டத்தில் கம்பம், கூடலூர், சின்னமனூர் பக்கத்து ஊர்களில் ஆண் குழந்தைகளுக்கு அபூர்வமாக இடப்படும் பெயர் ஒன்று உண்டு: பென்னிகுயிக். அகரவரிசையில் எழுதினால் பெருமாளுக்கும் பேச்சிமுத்துவுக்கும் நடுவே வந்து நிற்கும். எழுதுகிற கையைப் பொறுத்துப் பென்னிகுவிக் என்றும் பென்னிகுக் என்றும் உருமாறும். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுயிக்கின் பெயர் அது என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதற்கு மேல் கேட்டால், "தொரை பேருங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். துரைக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? அதற்குப் பொருள் என்ன? சீமைக் குடும்பமொன்றின் பெயர் எப்போது நம் தொட்டிலுக்கு வந்தது? இதைத் தேடித்தான் காகிதக் கட்டுகளுக்குள் இறங்கினேன்.

முதலில் ஆளைப் பிடிக்க வேண்டும். கம்பெனிக் காலத்தில் இந்தியாவில் பிறந்த வெள்ளையர் பிள்ளைகளின் ஞானஸ்நானக் குறிப்புகளைப் படியெடுத்து லண்டனுக்கு அனுப்பிவைத்தார்கள். அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் 'என்' வரிசையில் இருக்கின்றன: வங்காளத்துக்கு 1, சென்னைக்கு 2, பம்பாய்க்கு 3. பென்னிகுயிக் சென்னை மாகாணப் பொறியாளர் என்ற நினைப்பில் இரண்டாம் எண்ணைப் புரட்டினால் ஏமாற்றந்தான் மிஞ்சும். அவர் பிறந்தது 1841 ஜனவரி 15-இல், புனேயில். மூன்றாம் எண்ணுக்குத்தான் போக வேண்டும்.

அப்பா பெயரும் ஜான். பிரிகேடியர். சீக்கியரோடு நடந்த சில்லியன்வாலா போரில், 1849 ஜனவரி 13 அன்று, அவரும் 17 வயது மகன் அலெக்சாண்டரும் ஒரே களத்தில் மாண்டார்கள். நம் பென்னிகுயிக்குக்கு எட்டு வயது நிறைய இரண்டு நாள் இருந்தது. அவருடைய மகனுக்கும் ஜான் என்றே பெயர். இங்கிலாந்தில் நீதிபதியாக இருந்தவர். ஆக மூன்று தலைமுறையாகத் தொட்டிலில் இட்ட பெயர் ஜான்தான். பென்னிகுயிக் என்பது கூடவே ஒட்டிவந்த குடும்பப் பெயர். கம்பம் பள்ளத்தாக்கு ஜானை விட்டுவிட்டது, வாலைப் பிடித்துக்கொண்டது.

வாலைப் பிடித்துக்கொண்டு போனால் முதலில் ஒரு பொய் வழி எதிர்ப்படும். பென்னி என்றால் காசு, குயிக் என்றால் விரைவு. வேகமாகக் காசு சேர்த்த ஏதோ முப்பாட்டன் பெயராக இருக்கும் என்று தோன்றும். அணைக்காகச் சொத்தை விற்றவர் என்று கொண்டாடப்படும் மனிதருக்கு இப்படி ஒரு பொருள் வாய்த்தால் கதைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பழைய எழுத்துகள் அதற்கு இடம் தருவதில்லை.

ஸ்காட்லாந்தில், எடின்பரோவுக்குத் தெற்கே 16 கிலோமீட்டர் தள்ளி, வடக்கு எஸ்க் ஆற்றங்கரையில் பெனிகுக் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே காகித ஆலைக்குப் பேர்போன ஊர். நெப்போலியன் போர்க் காலத்தில் அந்த ஆலை பிரெஞ்சுக் கைதிகளை அடைக்கும் சிறையாகவும் இருந்தது. அந்த நிலத்தின் பெயரைக் கொண்டவர்கள்தான் பென்னிகுக், பென்னிகுயிக், பெனிகுயிக் என்று பல எழுத்தில் உலகெங்கும் பரவியிருக்கிறார்கள். ஊர்ப் பெயரோ ஆங்கிலமே இல்லை. ஆங்கிலமும் கேலிக்கும் வந்து சேர்வதற்கு முன்னால் தென் ஸ்காட்லாந்தில் பேசப்பட்டது வேல்சு மொழிக்கு உறவான பிரித்தானிக் மொழி. அதில் 'பென்' என்றால் தலை, மலையுச்சி. இங்கிலாந்தின் பென்சான்ஸ், பென்ரித் போன்ற ஊர்ப் பெயர்களின் தலையிலும் இதே 'பென்' உட்கார்ந்திருக்கிறது. 'கோக்' என்பது குக்கூ என்று கூவும் பறவை. வேல்சு மொழியில் இன்றும் அதே சொல். பென்-இ-கோக்: குயில் குன்று.

இதைக் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம்மூர் எழுத்தர்கள் பெயரைத் தவறாக உச்சரித்துப் பென்னிகுயிக் என்று எழுதியதில், குயில் முக்கால்வாசி வந்து உட்கார்ந்துவிட்டது. வெறும் தற்செயல்தான், இதைப் பிடித்துக்கொண்டு ஸ்காட்லாந்துக்காரர்கள் ஆதித் தமிழர்கள் என்று யாராவது கட்டுரை எழுதாமல் இருந்தால் சரி. நம் தோப்புக் குயிலும் அவர்கள் குக்கூவும் ஒரே குடும்பத்துப் பறவைகள் என்றாலும் இனம் வேறு. அது வசந்தத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வரும் விருந்தாளி. இது நம்மோடேயே கிடப்பது. பறவை என்றதும் இன்னொன்று: அந்தக் குடும்பப் பெயருடைய காலின் பென்னிகுயிக் என்ற பிரிட்டிஷ் அறிவியலாளர், பறவைகள் பறக்கும் விதத்தை ஆராய்வதிலேயே வாழ்நாளைக் கழித்தவர். கிழக்கு ஆப்பிரிக்காவில் கழுகுகளின் பின்னாலேயே மோட்டார் கிளைடரில் பறந்து கணக்கெடுத்தவர்.

பொருள் கிடைத்துவிட்டது. ஆனால் கூடலூர் விவசாயி குயிலை நினைத்தா பிள்ளைக்குப் பெயர் வைக்கிறார்? தண்ணீரை நினைத்து வைக்கிறார். மேற்கே போய்க்கொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய கதை பலமுறை எழுதப்பட்டதுதான்: 1886-இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை, 1887-இல் வேலைத் தொடக்கம், சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரை, 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு திறந்தது. இன்று கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைவது அந்தத் தண்ணீரால். பாலார்பட்டியில் அவர் பெயரைச் சொல்லிப் பொங்கல் வைக்கிறார்கள். ஜனவரி 15 பெரும்பாலும் தைப்பொங்கலோடு சேர்ந்தே வருவது அதற்குத் தோதாகிவிட்டது.

பெயருக்குக் காரணமாக ஊரில் சொல்லப்படுவது இன்னொரு கதை. அரசு கைவிட்டபோது துரை சீமைக்குப் போய்ச் சொத்தையும் மனைவியின் நகையையும் விற்று அணையை முடித்தார் என்பது. இதை ஆவணத்தில் தேடினேன். திட்டத்தின் வரலாற்றை ஏ. டி. மெக்கென்சி எழுத, 1899-இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்டது. அதில் செலவெல்லாம் அரசுக் கணக்காகவே வருகிறது. பென்னிகுயிக்கே 1897-இல் லண்டன் சிவில் பொறியாளர் கழகத்தில் படித்த கட்டுரையும் இருக்கிறது. அதில் பேசுவது தியாகி இல்லை, பொறியாளர். நகை விற்ற கதைக்கு ஆவணச் சான்று இல்லை என்பதை நான் ஒளிக்கப் போவதில்லை. அதே சமயம், 1876-78 பஞ்சத்தில் மனிதர்கள் செத்து விழுந்த மாகாணத்தில் தண்ணீர் கொண்டுவந்தவனுக்கு இப்படி ஒரு கதையை மக்கள் கட்டியதில் எனக்கு வியப்பும் இல்லை. உறுத்துவது வேறொன்று. அணை வேலையில் நோய்கண்டு இறந்தவர்களாகக் கணக்கில் வந்தவர்கள் மட்டும் 483 பேர்; அணைக்கருகிலேயே புதைக்கப்பட்டார்கள். அவர்களின் பெயரை எந்தக் குழந்தைக்கும் வைப்பதாகத் தெரியவில்லை.

வெள்ளைத் துரையின் பெயரைப் பிள்ளைக்கு வைத்த ஊர் இது ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். ராயலசீமையில் தாமஸ் மன்றோவின் நினைவாக ஆண் குழந்தைகளுக்கு மன்றோலப்பா என்று பெயரிட்டிருக்கிறார்கள். 1800 முதல் 1807 வரை அங்கே கலெக்டராக இருந்து ரயத்துவாரி வரிமுறையை நிலைநிறுத்தியவர் மன்றோ. 1827-இல் கவர்னராகச் சுற்றுப்பயணம் போனபோது அங்கேயே பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். அப்பா என்ற விகுதியை ஒட்டித் தெலுங்குக் கிராமத்து ஆளாகவே ஆக்கிவிட்டார்கள். நம்மவர்கள் விகுதி எதுவும் ஒட்டவில்லை. வாயில் நுழையாத பெயரை அப்படியே விழுங்கினார்கள்.

எப்போது விழுங்கினார்கள் என்பதுதான் பிடிகொடுக்காத கேள்வி. 1979-இல் அணையின் பாதுகாப்பைச் சொல்லி நீர்மட்டத்தை 136 அடியாகக் குறைத்ததும் பள்ளத்தாக்கில் கவலை புகுந்தது. அந்தக் கவலை முற்றி 2011 டிசம்பரில் ஊர் ஊராகத் திரண்டு கேரள எல்லையான குமுளிக்கு நடந்தார்கள். 2013-இல் பென்னிகுயிக்கின் பிறந்தநாளன்று லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் திறந்தது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று உறுதிசெய்தது. தேனி பேருந்து நிலையத்துக்கும் அவர் பெயர்தான். நன்றி நூறாண்டுப் பழையது. ஆனால் அந்த நன்றி தொட்டில் வரை வந்தது பெரும்பாலும் தண்ணீர் பறிபோய்விடுமோ என்ற பயத்துக்குப் பிறகுதான் என்பது என் கணிப்பு.

கணிப்பு என்றுதான் சொல்ல முடிகிறது, எண்ணிக்கை என்று சொல்ல வழியில்லை. அமெரிக்காவில் ஓராண்டில் ஐந்து குழந்தைக்கு ஒரு பெயர் இட்டாலே அரசுப் பட்டியலில் ஏறிவிடும். இங்கிலாந்தில் மூன்று போதும். நம்மிடம் அப்படியொரு பட்டியல் வெளியாவதில்லை. பிறப்பைப் பெயரில்லாமலே பதிந்துவிட்டுப் பதினைந்து ஆண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் பெயரைச் சேர்க்கலாம். அதற்குள் பிள்ளைக்கு வீட்டில் ஒரு பெயர், குலசாமிக்கு நேர்ந்த பெயர் ஒன்று, பள்ளியில் ஒன்று. வாக்காளர் பட்டியல் பதினெட்டு வயது ஆனவர்களை மட்டுந்தான் காட்டும்; அதிலும் ஒவ்வோர் எழுத்து வடிவத்தையும் தனித்தனியே தேட வேண்டும்.

இன்னொரு சிக்கலும் காத்திருக்கிறது. சீமையில் பென்னிகுயிக் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு முழுதாக இறங்கும். தமிழ்நாட்டில் தகப்பன் பெயர் முதலெழுத்தாகச் சுருங்கும். இன்றைய பென்னிகுயிக்குகள் நாளைக்குத் தகப்பனாகும்போது பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் நிற்கப்போவது 'பெ.' மட்டும். அது பென்னிகுயிக்கா, பெருமாளா, பெரியசாமியா என்று அறிய, அடுத்த ஆய்வாளர் அந்தப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர்க் கட்டத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.