யாழினியும் யாளினியும்

சான்பாடாவில் பேத்தியைப் பள்ளியில் சேர்த்தபோது, தன் பெயர், தகப்பனார் பெயர், குடும்பப் பெயர் என மூன்று கட்டம் போட்ட படிவம் தந்தார்கள். மராத்தியர் வழக்கம் அது. நமக்கேது குடும்பப் பெயர்? தலைப்பெழுத்து ஒன்றுதானே! கடைசிக் கட்டத்தில் என் பெயரை எழுதி ஒப்பேற்றினோம். வினை ‘யாழினி’யில் வந்தது. ழகரத்துக்கு ஆங்கிலத்தில் ‘இசட், எச்’ போட்டிருந்தோம். ஆசிரியை ‘யாஜினி’ என்று கூப்பிட, தன்னை இல்லையென்று குழந்தை சும்மா உட்கார்ந்துவிட்டாள். ஆப்சென்ட்!

எனக்குக் கோபம்தான். ஆனால் ஊரார் பெயரை நாம் என்ன பாடு படுத்தினோம்?

வடசொல் தமிழுக்குள் வந்தால் வடவெழுத்தை விட்டுவிட்டு வரவேண்டும் என்றார் தொல்காப்பியர். உருமாறி வந்தாலும் பொருந்தினால் தள்ளவேண்டாம் என்று அடுத்தாற்போலவே இடமும் கொடுத்தார். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் கணக்காகவே சொல்லிவிட்டார்: ரகரம் சொல்லின் முதலில் வந்தால் அதற்கு முன் அ, இ, உ சேரும், லகரத்துக்கு இ, உ, யகரத்துக்கு இ. ரங்கன் அரங்கன் ஆனதும், ராமன் இராமன் ஆனதும் இப்படித்தான். கம்பரிடம் லக்ஷ்மணன் இலக்குவன், விபீஷணன் வீடணன். அயோத்தியில் போய்க் கூப்பிட்டால் இவர்களும் ஆப்சென்ட்தான்!

எல்லோரும் இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டார்கள் என்றும் சொல்வதற்கில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் (கி.பி. 985–1014) பெயரைக் கிரந்த எழுத்தோடுதான் வெட்டியிருக்கிறார்கள். 1916இல் வேதாசலம் மறைமலை ஆனபோதோ ஒலியே போய்விட்டது. வேதம் மறை, அசலம் மலை என்று பொருள் மட்டும் நின்றது.

இப்போது மராத்திக்காரர் முறை. அவர்களிடம் ளகரம் உண்டு, ழகரம் இல்லை. நம் மொழியின் பெயரையே ‘தமிள்’ என்றுதான் எழுதுகிறார்கள். தாராவியில் நம் நெல்லைச்சீமைக்காரர்கள் ‘வாளப்பளம்’ கேட்கும்போது நாம் சண்டைக்கா போகிறோம்?

ளகரத்தின் கீழே புள்ளி வைத்தால் ழகரம் என்று நாகரியில் ஓர் எழுத்து இருக்கிறது. ஆசிரியையிடம் எழுதிக் காட்டினேன். சிரித்துக்கொண்டே பதிவேட்டில் புள்ளியை வைத்தார். வாயில் வருவதென்னவோ ‘யாளினி’தான். அதற்கு இவள் ‘ஹஜர்’ சொல்லிவிடுகிறாள். வீட்டில் நான் தவறி அப்படிக் கூப்பிட்டால் மட்டும், ‘தாத்தா, ழ!’ என்கிறாள்.