பயன்படுத்திய ஜாகுவார் எஃப்-டைப் வாங்கலாமா? 2.0, வி6, வி8 எஞ்சின்களில் எது யாருக்கு ஏற்றது?

புது டெல்லி: ஒரு கோடி ரூபாய்க்கு மேல் விலை கொடுத்து வாங்கப்பட்ட சொகுசு ஸ்போர்ட்ஸ் கார்கள், சில ஆண்டுகள் கழிந்ததும் அதில் ஒரு பங்கு விலைக்கே மறுவிற்பனைச் சந்தைக்கு வந்துவிடுகின்றன. ஆனால், காரின் விலை குறைவதைப் போல அதன் உதிரிபாகங்களின் விலையும் பழுதுநீக்கக் கூலியும் குறைவதில்லை. நடுத்தர செடான் காரின் விலையில் கிடைக்கும் பழைய சொகுசு காரைப் பராமரிக்க, புதிய சொகுசு காருக்கு ஆகும் செலவே ஆகும். எனவே, எந்த எஞ்சின் கொண்ட காரைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி வேகத்தைப் பற்றியது மட்டுமல்ல; வாங்குபவரின் சேமிப்பைப் பற்றியதும் ஆகும்.

இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு ஜாகுவார் எஃப்-டைப். டாடா மோட்டார்ஸ் நிறுவனம் 2008-ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனத்திடமிருந்து ஜாகுவார் லேண்ட் ரோவரை 230 கோடி டாலருக்கு வாங்கியது. அதன் பிறகு உருவான இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் இது. இயன் கேலம் தலைமையிலான குழு வடிவமைத்த இந்தக் கார், 2012-ஆம் ஆண்டு பாரிஸ் வாகனக் கண்காட்சியில் அறிமுகமானது. இந்தியாவில் 2013-இல் விற்பனைக்கு வந்தபோது வி6 எஸ் வகையின் விலை ரூ.1.37 கோடி, வி8 எஸ் வகையின் விலை ரூ.1.61 கோடி. 2018-இல் 2 லிட்டர் எஞ்சின் கொண்ட வகை ரூ.90.93 லட்சம் தொடக்க விலையில் அறிமுகப்படுத்தப்பட்டது. இவை அனைத்தும் முழுமையாகத் தயாரிக்கப்பட்ட நிலையில் இறக்குமதியானவை. 2024-இல் இதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஆகவே, இனி எஃப்-டைப் வாங்க விரும்புவோர் பெரும்பாலும் மறுவிற்பனைச் சந்தையையே நாட வேண்டும்.

மூன்று எஞ்சின்கள்

2.0 லிட்டர் டர்போ: 1,997 சிசி கொண்ட நான்கு சிலிண்டர் எஞ்சின்; ஜாகுவாரின் இன்ஜீனியம் வரிசையைச் சேர்ந்தது. 300 குதிரைத்திறனும் 400 நியூட்டன் மீட்டர் இழுவிசையும் தரும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தை 5.7 விநாடிகளில் எட்டும். வி6 வகையைவிட 52 கிலோ எடை குறைவு. அந்த எடைக் குறைப்பில் பெரும்பகுதி முன்பக்கத்திலேயே நிகழ்ந்திருப்பதால், வளைவுகளில் கார் இலகுவாகத் திரும்பும். பின்சக்கர இயக்கத்தில் மட்டுமே கிடைக்கும்.

3.0 லிட்டர் வி6: சூப்பர்சார்ஜர் பொருத்தப்பட்ட 2,995 சிசி எஞ்சின். தொடக்க வகையில் 340 குதிரைத்திறன், எஸ் வகையில் 380 குதிரைத்திறன் என இரண்டு நிலைகளில் வந்தது. 100 கி.மீ. வேகத்தை முறையே 5.3 மற்றும் 4.9 விநாடிகளில் எட்டும். எஃப்-டைப்புக்குப் பெயர் வாங்கித் தந்த கம்பீரமான ஒலி இந்த எஞ்சினிலேயே கிடைத்துவிடுகிறது. 2020-இல் இந்தியாவுக்கு வந்த மேம்படுத்தப்பட்ட எஃப்-டைப்பில் வி6 இடம்பெறவில்லை. எனவே, சந்தையில் உள்ள வி6 கார்கள் ஒப்பீட்டளவில் வயது கூடியவை.

5.0 லிட்டர் வி8: இதுவும் சூப்பர்சார்ஜர் கொண்டது. வி8 எஸ் வகை 495 குதிரைத்திறனும், 2014-இல் வந்த ஆர் வகை 550 குதிரைத்திறனும், எஸ்விஆர் வகை 575 குதிரைத்திறனும் தரும். 2020-க்குப் பிறகு 450 மற்றும் 575 குதிரைத்திறன் வகைகள் வந்தன. எஸ்விஆர் வகை 100 கி.மீ. வேகத்தை 3.7 விநாடிகளில் எட்டும். தொடக்ககால வி8 கார்கள் பின்சக்கர இயக்கம் மட்டுமே கொண்டவை. ஈரமான சாலையில் அவற்றை ஓட்டுவதற்குத் தனிக் கவனம் தேவை.

வி6 செலவு குறைவா?

வி8 எஞ்சினுக்குப் பயந்து வி6 பக்கம் திரும்புவோர் அறிந்திருக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. இந்த வி6 தனியாக உருவாக்கப்பட்ட எஞ்சின் அல்ல. வி8 எஞ்சினின் அதே கட்டமைப்பில் பின்புற இரண்டு சிலிண்டர்கள் நீக்கப்பட்டு, அதிர்வைக் குறைக்கச் சமநிலைத் தண்டுகள் சேர்க்கப்பட்டதே வி6. வெளிப்புற அளவிலும் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே.

எனவே, குளிர்விப்புக் குழாய்கள், சூப்பர்சார்ஜர், நேரக்கட்டுப்பாட்டுச் சங்கிலி போன்றவற்றில் வி8 எஞ்சினுக்கு வரக்கூடிய அதே வகைப் பழுதுகள் வி6-க்கும் வரும். அவற்றைக் கழற்றி மாட்டும் வேலையும் ஏறத்தாழ ஒரே அளவினது. வி6 மூலம் மிச்சமாவது வாங்கும் விலையிலும், எரிபொருளிலும், டயர், பிரேக் தேய்மானத்திலும்தான். எஞ்சின் பழுதுச் செலவு பாதியாகிவிடும் என்று கணக்கிட்டு வாங்குவது ஏமாற்றத்தில் முடியக்கூடும்.

குளிர்விப்பு அமைப்பே முதல் சோதனை

வி6, வி8 இரண்டிலும் முதலில் ஆராய வேண்டியது குளிர்விப்பு அமைப்பு. எஞ்சினின் முன்புறத்திலும் சூப்பர்சார்ஜருக்கு அடியிலும் குளிர்விப்பு நீர் செல்லும் பிளாஸ்டிக் குழாய்கள் உள்ளன. ஆண்டுக்கணக்கில் சூடாகியும் குளிர்ந்தும் வரும்போது அவற்றின் இணைப்புகள் விரிசல் விடுகின்றன. தொடக்கத்தில் கசிவு மிகச் சிறியதாக இருக்கும். வெப்பத்தில் ஆவியாகிவிடுவதால் தரையில் சொட்டுகூடத் தெரியாது. பின்புறக் குழாயை மாற்ற சூப்பர்சார்ஜரையே கழற்ற வேண்டியிருப்பதால், குழாயின் விலையைவிடக் கூலி பன்மடங்கு அதிகம்.

இந்தக் கசிவைக் கவனிக்காமல் ஓட்டினால் அலுமினிய எஞ்சின் அதிக வெப்பமடைந்து சிலிண்டர் ஹெட் சேதமடையும். அந்த நிலையில் பழுதுச் செலவு காரின் மறுவிற்பனை மதிப்பையே நெருங்கக்கூடும். வட இந்தியக் கோடையில் வெப்பநிலை 45 டிகிரி செல்சியஸைத் தொடும் நாள்களில், நெரிசலில் ஊர்ந்து செல்லும் காருக்கு இந்த ஆபத்து அதிகம். குழாய்களும் தண்ணீர் பம்பும் ஏற்கெனவே மாற்றப்பட்டதற்கான ரசீது இருந்தால், அந்தக் காருக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பதும் நியாயமே.

அடுத்தது ஒலி. எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருக்கும்போது இயக்கிப் பார்க்க வேண்டும். 2009-இல் அறிமுகமான இந்த 5 லிட்டர் எஞ்சின் குடும்பத்தின் தொடக்ககாலக் கார்களில் நேரக்கட்டுப்பாட்டுச் சங்கிலியின் வழிகாட்டிகள் தேய்ந்த புகார்கள் எழுந்தன. எஃப்-டைப் அதற்குப் பிறகு வந்தது என்றாலும், முதல் சில விநாடிகளில் கடகடவென்ற ஒலி நீடித்தால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது. எஞ்சின் வேகம் குறைந்த நிலையில் சூப்பர்சார்ஜர் பகுதியிலிருந்து உலோகக் கற்கள் உரசுவது போன்ற ஒலி வந்தால், அதன் இணைப்பான் தேய்ந்திருக்கலாம். இதை உரிய நேரத்தில் மாற்றினால் செலவு கட்டுக்குள் இருக்கும்.

2.0 லிட்டர் எஞ்சினில் என்ன பார்ப்பது?

2 லிட்டர் எஞ்சினில் சூப்பர்சார்ஜர் இல்லை. பழுது ஏற்படக்கூடிய பாகங்களும் ஒப்பீட்டளவில் குறைவு. ஆனால், இதன் வால்வுகள் திறக்கும் அளவை எஞ்சின் ஆயிலின் அழுத்தமே கட்டுப்படுத்துகிறது. டர்போவும் அதே ஆயிலை நம்பியே சுழல்கிறது. ஆகவே, ஆயில் மாற்றிய தேதிகளே இந்த எஞ்சினின் உடல்நல அறிக்கை. குறைவாக ஓடிய காரானாலும் ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றப்பட்டிருப்பது நல்லது. ஆறு ஆண்டுகளில் 15,000 கி.மீ. மட்டுமே ஓடிய கார் என்பது கவர்ச்சியாகத் தோன்றலாம். அதற்குள் ஓரிரு முறை மட்டுமே ஆயில் மாற்றியிருந்தால் அது குறையே அன்றி நிறையல்ல.

2018-க்குப் பிறகே இந்தியாவுக்கு வந்தது என்பதால், 2 லிட்டர் கார்களின் வயது குறைவு. பதிவுக் காலம் கூடுதலாக எஞ்சியிருப்பது இதன் முக்கியச் சாதகம். ஒலிக்காகவே எஃப்-டைப் வாங்க விரும்புவோரை மட்டும் இது முழுமையாக நிறைவு செய்யாது.

கியர்பாக்ஸ், எரிபொருள்

இந்தியாவில் விற்பனையான எஃப்-டைப் கார்களில் 8 வேகத் தானியங்கி கியர்பாக்ஸ் இடம்பெற்றது. இது ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனத்தின் வடிவமைப்பு. உறுதியானது என்று பெயர் பெற்றது. இதன் ஆயிலை மாற்றவே தேவையில்லை என்று சில பணிமனைகள் கூறுவதுண்டு. ஆனால், 80,000 முதல் 1,20,000 கி.மீ. வரையிலான ஓட்டத்துக்குள் மாற்றுவதையே இசட்எஃப் பரிந்துரைக்கிறது.

இந்த எஞ்சின்களுக்கு 95 ஆக்டேன் அல்லது அதற்கு மேற்பட்ட பெட்ரோல் உகந்தது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் தற்போது நாடு முழுவதும் விற்கப்படுகிறது. எனவே, காரின் எரிபொருள் மூடியிலும் கையேட்டிலும் எத்தனால் வரம்பு எவ்வளவு எனக் குறிப்பிடப்பட்டுள்ளது என்பதைப் பார்ப்பது அவசியம். பல மாதங்கள் ஓடாமல் நின்ற காராக இருந்தால் எரிபொருள் குழாய்கள், பேட்டரி, டயர்களின் தயாரிப்பு ஆண்டு ஆகியவற்றையும் சோதிக்க வேண்டும்.

பதிவும் ஆவணங்களும்

தனியார் கார்களுக்கான பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். 2013-இல் பதிவான வி6 அல்லது வி8 காருக்கு அந்தக் காலம் 2028-இல் நிறைவடைகிறது. டெல்லி தலைநகர்ப் பகுதியில் 15 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் வாகனங்களுக்குத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது. அதை நடைமுறைப்படுத்துவது தொடர்பான உத்தரவுகள் பின்னர் மாறிவந்துள்ளன. எனவே, வாங்கும் நேரத்தில் நடைமுறையில் உள்ள விதியைச் சரிபார்ப்பது நல்லது. டெல்லிப் பதிவெண் கொண்ட பழைய கார் மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அத்தகைய காரை வேறு மாநிலத்துக்குக் கொண்டு சென்று 12 மாதங்களுக்கு மேல் பயன்படுத்தினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவின்படி அங்கு புதிய பதிவெண் பெற வேண்டும். முந்தைய மாநிலத்திலிருந்து தடையில்லாச் சான்றும் (படிவம் 28) தேவை. அதிக விலையுள்ள கார்களுக்குச் சாலை வரி கூடுதலாக உள்ள கர்நாடகம் போன்ற மாநிலங்களில், இந்த வரி மலிவு விலையின் ஆதாயத்தையே விழுங்கிவிடக்கூடும். பேரம் பேசுவதற்கு முன்பே சம்பந்தப்பட்ட வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வரித் தொகையைக் கேட்டறிய வேண்டும்.

கடன் நிலுவை இருந்தால் அதை நீக்கும் படிவம் 35-ஐயும், உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றையும் கையொப்பத்துடன் பெற வேண்டும். சேசிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் காரிலேயே நேரில் ஒப்பிட வேண்டும். உரிமை மாறிய 14 நாள்களுக்குள் காப்பீட்டையும் தம் பெயருக்கு மாற்ற வாங்குபவர் விண்ணப்பிக்க வேண்டும். முந்தைய உரிமையாளரின் இழப்பீடு கோராமைக்கான சலுகை புதியவருக்குச் சேராது. மூன்று எஞ்சின்களும் 1,500 சிசிக்கு மேற்பட்டவை என்பதால், மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்தில் வேறுபாடு இல்லை; சொந்தச் சேதத்துக்கான கட்டணம் காரின் மதிப்பைப் பொறுத்து மாறும்.

தரையை ஒட்டி அமைந்த கார் என்பதால், வெள்ளத்தில் சிக்கிய வரலாறு உண்டா என்பதையும் ஆராய வேண்டும். இருக்கை அடித் தண்டுகளில் துரு, கம்பளத்துக்குக் கீழே சேற்றுத் தடம், காப்பீட்டு இழப்பீட்டுப் பதிவுகள் ஆகியவை இதைக் காட்டிக்கொடுக்கும்.

யாருக்கு எது?

நகரப் போக்குவரத்தில் அடிக்கடி ஓட்ட விரும்புவோருக்கும், பத்து ஆண்டுகள் வரை வைத்துக்கொள்ள எண்ணுவோருக்கும் 2 லிட்டர் வகையே பொருத்தமானது. குறைந்த வயதும் எளிய கட்டமைப்பும் இதன் பலம்.

வார இறுதிப் பயணங்களுக்கும் ஒலிக்கும் முன்னுரிமை தருவோருக்கு வி6 ஏற்றது. ஆனால், முழுமையான சர்வீஸ் பதிவேடும் குளிர்விப்புக் குழாய்கள் மாற்றப்பட்டதற்கான சான்றும் இல்லாத வி6 காரைத் தவிர்ப்பதே விவேகம்.

வி8 வகை, காரின் விலைக்கு அப்பால் பராமரிப்புக்கெனத் தனித் தொகை ஒதுக்க முடிந்தவர்களுக்கு மட்டுமே உரியது. வாங்கும் தொகை முழுவதையும் கடனாகப் பெற்று வி8 வாங்குவோர், முதல் பெரிய பழுதிலேயே காரை நிறுத்திவைக்கும் நிலைக்குத் தள்ளப்படுவர்.

எந்த வகையானாலும், முன்பணம் கொடுப்பதற்கு முன் விற்பனையாளருடன் தொடர்பில்லாத, ஜாகுவார் கார்களில் பழக்கமுள்ள ஒரு பணிமனையில் கணினிச் சோதனையும் குளிர்விப்பு அமைப்பின் அழுத்தச் சோதனையும் செய்துகொள்ள வேண்டும். அச்சோதனைக்கு மறுக்கும் விற்பனையாளரிடமிருந்து விலகுவதே சிறந்தது. நன்கு பராமரிக்கப்பட்ட வி8, கைவிடப்பட்ட 2 லிட்டர் காரைவிடப் பாதுகாப்பான முதலீடு. எஞ்சினின் அளவைத் தேர்ந்தெடுப்பது இரண்டாம் கட்டம். பதிவேடு தெளிவாக உள்ள காரைத் தேர்ந்தெடுப்பதே முதல் கட்டம்.