கீழணை கட்டிய போர்வீரர்



போர்க்களம் கண்டவர் பலர். கைத்தொழில் நுட்பத்தில் தேர்ந்தவர் பலர். பதவி நீங்கிய பின்னும் மக்கள் நலனுக்காக வாதாடியவர் சிலர். இம்மூன்று தன்மையும் ஒருவரிடத்தே கூடி அமைவது அரிது. அவ்வாறு அமைந்தவர் சர் ஆர்தர் காட்டன். அரியலூர் மாவட்டமும் தஞ்சை மாவட்டமும் சந்திக்கும் எல்லையில், அணைக்கரையில், கொள்ளிடத்தின் குறுக்கே நிற்கும் கீழணை அவர் பெயரை நினைவூட்டுவது. அவரை நினைக்கும்போது வேறு சிலரையும் நாம் நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம். அவர்கள் யாவர் என்பதைப் பின்னர்க் கூறுவேன்.

காட்டன் 1803-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தவர். இளமையிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் இராணுவப் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்து, சென்னைப் பொறியாளர் படையில் அதிகாரியாகி, 1821-ல் இந்நாட்டுக்கு வந்தார். 1824 முதல் 1826 வரை நடந்த முதல் பர்மியப் போரில் பணியாற்றினார். அக்காலப் பொறியாளர் படையினர் துப்பாக்கி ஏந்துவதோடு நில்லாது, நிலத்தை அளப்பர், பாதை வகுப்பர், பாலம் அமைப்பர். போரில் பழகிய அக்கலையே பின்னர் ஆற்றங்கரையில் அவருக்குப் பயன்பட்டது. 1828 அளவில் காவிரிப் பாசனத்தைக் கவனிக்கும் பொறுப்பு அவரிடம் வந்து சேர்ந்தது.

அப்போது காவிரி நோயுற்றிருந்தது எனலாம். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. வடக்கே செல்வது கொள்ளிடம். தெற்கே செல்வது காவிரி. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது, அதன் போக்கும் நேரானது. ஆதலின் வெள்ளம் ஆண்டுதோறும் அதன்வழியே மிகுதியாகப் பாய்ந்து கடலிற் கலந்தது. காவிரியின் தலைப்பிலோ மணல் மேடிட்டு வந்தது. தஞ்சைத் தரணியின் வயல்கள் நீரின்றி வாடின. கொள்ளிடத்தின் தலைப்பில் ஓர் அணை எழுப்பி நீரைக் காவிரிப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது காட்டன் கண்ட தீர்வு.

ஆனால் ஆழங்காண முடியாத மணலின் மேல் கற்சுவர் நிற்குமா? இவ்வையத்திற்கு விடையைக் காட்டன் ஐரோப்பிய நூல்களில் தேடவில்லை. கரிகாலன் பெயரோடு விளங்கும் கல்லணையில் அதைக் கண்டார். பாறையைத் தொடாமலே, மணலின் மேலேயே அடித்தளம் அமைக்கும் வித்தையைப் பழைய தமிழகத்துத் தொழிலாளரிடமிருந்தே தாம் கற்றதாகப் பிற்காலத்தில் அவரே வெளிப்படையாக எழுதினார். ஆளும் இனத்தைச் சேர்ந்த ஓர் அதிகாரி, ஆளப்படும் மக்களைத் தம் ஆசிரியர் என ஒப்புக்கொண்டது அக்காலத்தில் சிறிய செயலன்று. ஆற்று மணலில் கிணறு இறக்கி, அவற்றின் மேல் சுவர் எழுப்பும் முறையும் இந்நாட்டுக் கொத்தர்கள் நெடுங்காலமாக அறிந்ததே. அம்முறையில் 1836-ல் முக்கொம்பில் மேலணை எழுந்தது.

நிற்க. மேலே நீரைத் திருப்பினால் கீழே கொள்ளிடத்தை நம்பியிருந்த உழவர்கள் என் செய்வர்? ஓரிடத்து வறுமையைப் போக்க வேறோரிடத்தில் வறுமையை உண்டாக்குவது நீதியாகாதன்றோ? ஆகவே அதே காலத்தில், மேலணைக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கீழே அணைக்கரையில் இரண்டாவது அணை கட்டப்பட்டது. அதுவே கீழணை. அங்கிருந்து வடவாறு வீராணம் ஏரியை நிரப்புகிறது. வடக்கு ராஜன், தெற்கு ராஜன் என்னும் வாய்க்கால்கள் கொள்ளிடத்தின் இருபுறமும் வயல்களுக்கு நீர் தருகின்றன. இவ்வணைகள் பிற்காலத்தில் மதகுகள் அமைத்துத் திருத்தப்பட்டன. 2004 முதல் வீராணத்து நீர் சென்னை நகரத்தாரின் தாகத்தையும் தணிக்கிறது.

இனி, முன்னர்க் கூறுவேன் என்ற செய்திக்கு வருவோம். அணைக்கரைக்குச் சில மைல் தொலைவில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில், கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. கங்கை வரை படை செலுத்திய முதலாம் இராஜேந்திர சோழன் எடுப்பித்த தலைநகரம் அது. கீழணைக்குக் கருங்கல் தேவைப்பட்டது. அருகில் கல்மலை இல்லை. அரசாங்கப் பணியாளர்களின் கண் அப்பெருங்கோயிலின் மேல் விழுந்தது. அதன் சுற்றுமதில் பெரும்பாலும் பெயர்க்கப்பட்டது. சிற்பக் கற்கள் பலவும் அணைக்குச் சென்றன. ஊர் மக்கள் தம்மால் இயன்ற மட்டும் தடுத்தனர். அதற்காகத் தண்டிக்கவும் பட்டனர். இடித்த கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் எழுப்பித் தருவதாக வாக்களிக்கப்பட்டது. அவ்வாக்கு நிறைவேறவேயில்லை என்று 1875-ல் ‘இந்தியன் ஆன்டிக்வரி’ என்னும் ஆராய்ச்சி இதழ் வருத்தத்தோடு பதிவு செய்திருக்கிறது. எஞ்சிய கோயிலை 2004-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

கல்லைக் கொடுத்த ஊர் கொள்ளிடத்தின் வடபால் மேட்டு நிலத்தில் நிற்பது. அக்கல் தேக்கிய நீரோ பெரும்பாலும் கிழக்கே, பிற ஊர்களின் வயல்களுக்கே பாய்ந்தது. இவ்வுண்மையை மறைத்துக் காட்டனைப் புகழ்வது முறையன்று. இதையே பெரிதாக்கி அணையின் நன்மையை மறுப்பதும் முறையன்று.

காட்டனின் பணி கொள்ளிடத்தோடு முடியவில்லை. 1847-ல் தொடங்கி 1852-ல் முடிந்த தவளேசுவரம் அணையால் கோதாவரிக் கழிமுகத்தைச் செழிக்கச் செய்தார். ஆந்திர உழவர்கள் அவரை இன்றும் போற்றுகின்றனர். நீர்ப்பாசனத்துக்குச் செலவிட்ட பணம் நிலவரியாகத் திரும்பி வரும் என்பதால் அரசாங்கம் அவருக்குச் செவிசாய்த்தது என்பதும் உண்மையே. ஆயினும், ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பிய பின் அவர் வாதாடியதற்கு ஆதாயம் எதுவுமில்லை. இரயில் பாதைக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பகுதியேனும் கால்வாய்க்குச் செலவிட்டால் பஞ்சம் குறையும் என்பது அவர் கட்சி. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் வாட்டியது. 1878-ல் நாடாளுமன்றக் குழுவின் முன் நின்று, கடுமையான குறுக்கு வினாக்களுக்கிடையே அவர் தம் கொள்கையைச் சொன்னார். முதுமையிலும் நிலத்தை ஆழ உழுது விளைச்சலைப் பெருக்கும் சோதனைகளில் ஈடுபட்டிருந்தார். 1899-ல், தம் 96-ஆம் வயதில் மறைந்தார்.

மாணவர்களே, வரலாறு கற்பது யாருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்று கணக்கெடுப்பதும் ஆகும். கீழணையின் கணக்கில் ஒரு பெயர் மட்டும் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. கல்லணை கட்டிய பழந்தமிழர், ஆற்றில் மூழ்கிக் கிணறு இறக்கியவர், வண்டியில் கல் சுமந்தவர், கோயில் மதிலுக்காக வாதாடித் தண்டனை பெற்ற கங்கைகொண்ட சோழபுரத்து மக்கள் ஆகியோரின் பெயர்கள் எழுதப்படவில்லை. பெரம்பலூர், அரியலூர்ப் பகுதி மாணவர்கள் அணைக்கரையைக் காணச் செல்வது எளிது. செல்லும்போது கங்கைகொண்ட சோழபுரத்தையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டையும் ஒருங்கே பார்த்தவனே காட்டனின் வாழ்க்கையை முழுமையாகப் படித்தவனாவான்.